வட்டார ஆலோசனைச் சபைகளும் நகரத் திட்டமும்: நியூயோர்க் மாநகரின் வரலாறு

ஒரு காணியிலே எதனைக் கட்டலாம், எத்துணை உயரத்துக்குக் கட்டலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது? காணிச் சொந்தக்காரனுக்கு என்பது பழைய விடை. அரசாங்கத்துக்கு என்பது அதன்பின் எழுந்த விடை. இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் உளன். அவன் அயலவன். பக்கத்துக் காணியில் மாடி உயர்ந்தால் அவன் வீட்டு வெயில் மறைகின்றது. வீதி அகன்றால் சிலவேளை அவன் வீடே மறைகின்றது. ஆயினும் காணி உறுதியிலும் அவன் பெயர் இல்லை. அரசாங்கக் கோவையிலும் அவன் பெயர் இல்லை.

இந்த மூன்றாமவனுக்குச் சட்டத்திலே ஓர் இருக்கை அமைத்து, அவன் கூறுவதைக் கேட்பதற்கு இடமளித்த பின்னரே நகரத் திட்டத்தில் மாற்றஞ் செய்யலாம் என விதித்த மாநகரங்களுள் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அங்கே இன்று 59 வட்டாரச் சபைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை அங்கத்தவராகலாம். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்கள் நிறைவேற்றும் தீர்மானம் எவரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை. கட்டுப்படுத்தாத ஆலோசனையால் யாது பயன் என்று வினவுவார் பலர். அவ்வினாவுக்குத் தத்துவ நூல்களில் விடை தேடுவதிலும், அச்சபைகள் கடந்துவந்த ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு வரலாற்றில் தேடுவதே பொருத்தமாகும்.

நியூயோர்க்கின் நகரத் திட்டம் அயலவரைக் கேட்டுத் தொடங்கியதன்று. 1811ஆம் ஆண்டில் மூன்று ஆணையாளர்கள் மன்ஹற்றன் தீவின்மேல் நேர்கோடுகளை வரைந்து, 155ஆம் தெரு வரை சதுரங்கப் பலகை போன்ற வீதி அமைப்பொன்றை வகுத்தனர். குன்றும் ஓடையும் தோட்டமும் அக்கோடுகளுக்கு அடங்க வேண்டியனவாயின. 1898இல் மன்ஹற்றன், புறூக்ளின், புறொங்ஸ், குயீன்ஸ், ஸ்ரற்றன் தீவு என்னும் ஐந்து பெரும்பிரிவுகளும் ஒரே மாநகரமாக இணைந்தன. அதற்குமுன் புறூக்ளின் தனி நகரமாயிருந்தது. இணைப்பினால் நகரம் பெருத்தது. ஆள்வோருக்கும் வாழ்வோருக்கும் இடைப்பட்ட தூரமும் பெருத்தது.

கட்டடங்களின் உயரத்தையும் பயனையும் சட்டத்தால் வரையறுக்கும் வலயமுறை 1916ஆம் ஆண்டிலே இந்நகரில் நிறைவேறியது. ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நகரம் முழுவதற்கும் பொருந்திய முதலாவது வலயச் சட்டம் அதுவே. அதன் தோற்றத்துக்கு இரண்டு காரணங்கள் கூறுவர். முதலாவது, 1915இல் புறோட்வேயில் எழுந்த எக்குவிற்றபிள் கட்டடம். ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் 38 மாடிகளாக நிமிர்ந்து, ஏறத்தாழ 12 இலட்சம் சதுர அடித் தளப்பரப்பைத் தன்னுள் அடக்கிய அக்கட்டடம் சுற்றுப்புறத்தாரின் வெயிலையும் காற்றையும் மறைத்தது. இக்காரணத்தை எல்லாரும் கூறுவர். இரண்டாவது காரணம் அத்துணை பெருமைக்குரியதன்று. ஐந்தாம் அவெனியூவில் விலையுயர்ந்த கடைகளை வைத்திருந்த வணிகர், அயலிலிருந்த தையற் றொழிற்சாலைகளின் தொழிலாளர் மதிய வேளையில் நடைபாதையை நிறைப்பதை விரும்பவில்லை. குடியேறிய ஏழைகளின் கூட்டம் தங்கள் வாடிக்கையாளரை விரட்டிவிடும் என அஞ்சி, அத்தொழிற்சாலைகளை அவ்விடத்திலிருந்து அகற்றுவதற்கு வழி தேடினர். அவ்வழியும் வலயச் சட்டத்தின் வழியாகவே கிடைத்தது. எனவே வலயமுறை பிறந்தபோதே அயலவனின் குரல் அதனுள் இருந்தது. ஆனால் அக்குரலில் வெயிலைக் கேட்டவனும் இருந்தான். ஏழையை வேறிடத்துக்குப் போகச் சொன்னவனும் இருந்தான். இவ்விருவரையும் வேறு பிரித்தறிவது பின்னாளில் எத்துணை அரிதாயிற்று என்பதை மேலே காண்போம்.

1936இல் மக்கள் ஏற்றுக்கொண்ட புதிய நகரச் சாசனத்தின்படி 1938இல் நகரத் திட்ட ஆணைக்குழு அமைந்தது. அதன் தொடக்ககாலத் தலைவருள் ஒருவர் றெக்ஸ்போட் ரக்வெல் என்னும் பொருளியல் அறிஞர். அரசியல்வாதிகளின் பேரத்துக்கு எட்டாத வல்லுநர் குழு ஒன்று நகரத்தின் நெடுங்கால நலத்தை எண்ணித் திட்டமிடும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அந்நம்பிக்கை முற்றிலும் பிழையென்று கூற முடியாது. ஆனால் வல்லுநர் வரைபடத்தைப் பார்த்தனர். வரைபடத்திலே பலசரக்குக் கடையும் பள்ளிக்கூடமும் பாட்டி வீடும் தெரிவதில்லை. 1947இல் குடிமக்கள் சங்கம் எனப்பட்ட சீர்திருத்த அமைப்பு, மாநகரை வட்டாரங்களாக வகுத்து அவற்றின் வழியே திட்டமிட வேண்டுமென்று ஆலோசனை கூறியது. அதனைச் செயலில் முதலிற் காட்டியவர் மன்ஹற்றன் பெரும்பிரிவின் தலைவராயிருந்த றொபேட் வாக்னர். அவர் 1951இல் தம் பிரிவிலே 12 வட்டாரத் திட்டக் குழுக்களை நியமித்தார். ஒவ்வொன்றிலும் 15 முதல் 20 பேர் வரை இருந்தனர். திட்டமிடல் பற்றியும் வரவு செலவுத் திட்டம் பற்றியும் தலைவருக்கு ஆலோசனை கூறுவதே அவர்கள் பணி. சட்ட வலு எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை. இன்றுள்ள 59 சபைகளும் அந்தப் பன்னிரண்டின் வழித்தோன்றல்களே.

அதே காலத்தில், ஆலோசனைக் குழு எதுவும் இல்லாத புறொங்ஸ் பிரிவிலே நிகழ்ந்ததொன்றை இங்கு விரித்துக் கூறுதல் வேண்டும். பல அரச அமைப்புகளை ஏககாலத்தில் தம் கைக்குள் வைத்திருந்த றொபேட் மோசஸ் என்பவர், புறொங்ஸை ஊடறுத்துச் செல்லும் விரைவுப் பெருவீதி ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார். மோசஸ் எந்தப் பதவிக்கும் மக்கள் வாக்கினால் தெரிவானவரல்லர். 1952 டிசம்பர் 4ஆம் நாளிட்ட கடிதங்கள் ஈஸ்ற் றிமோன்ற் என்னும் குடியிருப்பிலே வீடு வீடாக வந்து சேர்ந்தன. 90 நாள்களுக்குள் வெளியேற வேண்டும் என்பது அவற்றின் சாரம். பெருவீதியின் பாதையில் அகப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 1,530. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் தையற் றொழிலிலும் அதுபோன்ற தொழில்களிலும் ஈடுபட்ட யூதக் குடும்பத்தினர். சிறு வாடகையில் நல்ல வீடு கிடைத்ததென்று மகிழ்ந்து பல்லாண்டு இருந்தவர்கள்.

லிலியன் எடெல்ஸ்ரைன் என்னும் இல்லத்தரசி அவர்களைத் திரட்டினார். பொறியியலாளர் துணையுடன், பெருவீதியைச் சிறிது தெற்கே திருப்பிக் குறொற்றோனாப் பூங்காவின் ஓரமாகக் கொண்டு சென்றால் அவ்வீடுகளில் அனேகமாக அனைத்தையும் காப்பாற்றலாம் என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். பாதை நீளப் போவதுமில்லை. செலவு மிகப் போவதுமில்லை. இவ்வளவு தெளிவான மாற்றுத் திட்டத்தை மோசஸ் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதற்கு மனநிறைவளிக்கும் விடை இன்றுவரை கிடைத்திலது. 1953இல் மாநகர முதல்வர் பதவிக்குப் போட்டியிட்ட வாக்னர் அக்குடியிருப்பாளருக்கு ஆதரவு தெரிவித்திருந்தார். அவர் பதவியேற்ற பின்னர், இறுதித் தீர்மானஞ் செய்யும் மதிப்பீட்டுச் சபை மோசஸின் பாதையையே அங்கீகரித்தது. மன்ஹற்றனில் ஆலோசனைக் குழுக்களை உண்டாக்கிய அதே வாக்னர்தான் இவர். இதனை அவருடைய வஞ்சகம் என்று மாத்திரம் கொள்வது எளிது. அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. ஈஸ்ற் றிமோன்ற் மக்கள் கூட்டங் கூடினர், பஸ்களில் ஏறி நகர மண்டபத்துக்குச் சென்றனர், பேசினர். ஆனால் அவர்கள் கூறுவதைக் கேட்கவேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை. அவர்கள் காதிற் பட்டபொழுது பாதை முன்னரே முடிவாகியிருந்தது. எஞ்சியது இரங்கிக் கேட்பது ஒன்றே.

மன்ஹற்றனில் கதை வேறுவிதமாக நடந்தது. வாஷிங்ரன் சதுக்கப் பூங்காவினூடே வீதியமைக்கும் மோசஸின் திட்டத்தை ஷேர்லி ஹேய்ஸ் என்னும் தாயார் 1952 முதல் எதிர்த்துவந்தார். வீதியை ஒடுக்குவோம், தாழ்த்துவோம் என்று அதிகாரிகள் சமரசங் கூறியபோதெல்லாம், பூங்காவில் வீதியே வேண்டாம் என்பதில் அவர் உறுதியாய் நின்றார். அயலாரும் அறிஞரும் சேர்ந்தனர். ஈற்றில் அப்பகுதியின் செல்வாக்குமிக்க அரசியற் றலைவரும் சேர்ந்தார். 1958இல் பூங்கா பரீட்சார்த்தமாக வாகனங்களுக்கு மூடப்பட்டது. அயற் றெருக்கள் நெருக்கடியால் திணறும் என்ற எதிர்வுகூறல் பலிக்கவில்லை. அந்த வழி பின்னர் திறக்கப்படவேயில்லை.

இப்போராட்டத்தில் பழகியவர்களுள் ஒருவர் ஜேன் ஜேக்கப்ஸ். 1961 பெப்புருவரியில் அவர் வாழ்ந்த மேற்கு வில்லேஜ் பகுதியின் 14 தெருக்கட்டுகளைச் சீரழிந்த பகுதியென அறிவிப்பதற்கான முயற்சியை மாநகரம் தொடங்கியது. அங்ஙனம் அறிவித்தால் இடித்துப் புதுப்பிப்பதற்குச் சமஷ்டி அரசாங்கத்தின் பணம் கிடைக்கும். 1949ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அதற்கு வழிவகுத்திருந்தது. 1954ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ இத்தகைய வேலைகளில் குடிமக்கள் பங்குபற்ற வேண்டும் என்றும் விதித்திருந்தது. காகிதத்தில் இருந்த அவ்விதியை மேற்கு வில்லேஜ் மக்கள் உண்மையென்று எண்ணி நடந்தனர் எனலாம். வீடு வீடாகக் கணக்கெடுத்து, தங்கள் பகுதி சேரியன்று என்று நிறுவினர். 1962இன் தொடக்கத்தில் ஆணைக்குழு தன் அறிவிப்பைக் கைவிட்டது. ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட அமெரிக்கப் பெருநகரங்கள் பற்றிய நூல் உலகப் புகழ் பெற்றது. அந்நூலின் நடைபாதை வருணனைகளையே பலரும் நினைவு கூர்வர். மாநகரின் ஒவ்வொரு திணைக்களமும் தனித்தனி எல்லை வகுத்துக்கொள்வதை ஒழித்து, எல்லாத் துறைகளையும் ஒரே வட்டார எல்லையின்கீழ்க் கொணர வேண்டும் என்று அவர் அதில் எழுதிய அதிகாரத்தை வாசிப்போர் குறைவு. நமது பொருளுக்கு அதுவே முதன்மையானது.

மறுத்துரைப்பதோடு நில்லாமல் மாற்றுத் திட்டம் ஒன்றையே வரைந்தவர்கள் கூப்பர் சதுக்கத்தார். 1959இல் அங்கே 12 தெருக்கட்டுகளை இடிக்கும் திட்டம் வெளியாயிற்று. அயலவர் குழு வோல்ற்றர் தாபிற் என்னும் திட்டவியலாளரின் துணைகொண்டு 1961இல் தன் மாற்றுத் திட்டத்தை அச்சிட்டது. அங்கே வாழ்வோரே புதுப்பிக்கப்பட்ட அவ்விடத்தின் பயனை முதலில் நுகர வேண்டும் என்பது அதன் அடிப்படை. அத்திட்டத்தின் ஒரு பகுதிக்கு மாநகரின் அங்கீகாரம் 1970இல்தான் கிடைத்தது. வரைவதற்கு இரண்டு ஆண்டும், ஏற்கப்படுவதற்கு ஒன்பது ஆண்டும்!

இதற்கிடையே 1961 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்ற நகரச் சாசனம் 1963இல் நடைமுறைக்கு வந்தது. மன்ஹற்றனில் மாத்திரம் இருந்த வட்டாரத் திட்டச் சபைகளை அது ஐந்து பெரும்பிரிவுகளுக்கும் விரித்தது. 1968இல் 62 வட்டாரங்கள் வகுக்கப்பட்டன. எல்லையும் பெயரும் கிடைத்தன, வலு கிடைக்கவில்லை. அக்காலத்து ஐக்கிய அமெரிக்காவில் பங்குபற்றல் என்னுஞ் சொல் எங்கும் ஒலித்தது. 1964ஆம் ஆண்டின் வறுமை ஒழிப்புச் சட்டம் ஏழைகள் இயன்றமட்டும் முழுமையாகப் பங்குபற்ற வேண்டும் என்றது. 1969இல் ஷெறி ஆண்ஸ்ரைன் என்னும் அம்மையார் எழுதிய கட்டுரையொன்றில் இப்பங்குபற்றலை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்தார். அடிப்படிகளில் மக்கள் ஏமாற்றப்படுகின்றனர். மேற்படிகளில் மக்களே ஆளுகின்றனர். ஆலோசனை கேட்டலும், குழுவில் ஓர் ஆசனங் கொடுத்துச் சமாதானப்படுத்தலும் நடுப்படிகளில் உள்ளன. அவற்றை அவர் பெயரளவிற் பங்குபற்றல் என்றே வகைப்படுத்தினார். திட்டமிடல் பயிலும் மாணவர் இன்றும் இவ்வேணியைக் கற்கின்றனர். எனினும் ஏணியில் ஒரு குறை உண்டு. மேலேறுபவர் யார் என்று அது கேட்பதில்லை.

அக்கேள்வியைக் குயீன்ஸ் பிரிவின் பொறஸ்ற் ஹில்ஸ் எழுப்பியது. அங்கே 24 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்களில் 840 வீடுகளைக் குறைந்த வருமானத்தாருக்குக் கட்டுவது மாநகரின் திட்டம். மாநகர முதல்வர் ஜோன் லின்ட்சே, ஏழைகளையும் கறுப்பின மக்களையும் சேரிகளிலேயே அடைத்துவைத்தல் தகாது, நடுத்தர வகுப்பார் வாழும் இடங்களிலும் அவர்களுக்கு இடம் வேண்டும் என்று கருதினார். 1971இல் வேலை தொடங்கியதும் அயலவர் வீதிக்கு இறங்கினர். பாடசாலையில் நெருக்கடி, நிலம் உறுதியற்றது, கட்டடம் மிக உயரம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அவற்றுட் சில மெய்யானவையே. ஆயினும் வரப்போகின்றவர் யார் என்னும் அச்சமும் அவற்றினூடே ஒலித்தது. ஈஸ்ற் றிமோன்றில் ஒலித்த அதே சொற்கள், அதே பஸ்கள், அதே பதாகைகள். அங்கே வீட்டை இழக்க இருந்தவர் எழுப்பிய குரல், இங்கே வீடு பெற இருந்தவருக்கு எதிராக எழுந்தது. 1972இல் மாரியோ குவோமோ என்னும் வழக்கறிஞர் நடுவராக நியமிக்கப்பட்டார். பின்னாளில் நியூயோர்க் மாநிலத்தின் ஆளுநரானவர் இவரே. மூன்று கோபுரங்களையும் 12 மாடிகளாகக் குறைத்து 432 வீடுகளைக் கட்டலாம் என்பது அவர் கூறிய சமரசம். அப்படியே கட்டப்பட்டது. எஞ்சிய 408 வீடுகளுக்கு உரியவர் எங்கே போயினர் என்று கேட்க அவர்களுக்கு வட்டாரம் இருக்கவில்லை. ஏனெனில் அவர்கள் அங்கே இன்னும் வந்து குடியேறியிருக்கவில்லை. வட்டார ஆலோசனை என்னும் முறையின் மாறாத குறைபாடு இதுவே என்பது என் கருத்து. இருப்பவனுக்கு அது வாய் அளிக்கின்றது. வர இருப்பவனுக்கு அளிப்பதில்லை.

மோசஸின் ஆட்சிமுறையை விரிவாக ஆராய்ந்த றொபேட் காரோவின் பெருநூல் 1974இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 1975 நவம்பரில், நகரம் வங்குறோத்தின் விளிம்பில் நின்ற வேளையில், சாசனத் திருத்தங்கள் சில பொதுசன வாக்கெடுப்பில் நிறைவேறின. காசில்லாத நகரம் அதிகாரத்தைப் பகிர்ந்ததில் வியப்பில்லை என்று சிலர் எள்ளுவர். எங்ஙனமாயினும், வட்டாரச் சபைகள் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது அப்பொழுதுதான். வட்டாரங்கள் 59 ஆகத் திருத்தப்பட்டன: மன்ஹற்றனில் 12, புறொங்ஸில் 12, குயீன்ஸில் 14, புறூக்ளினில் 18, ஸ்ரற்றன் தீவில் 3. அங்கத்தவரைப் பெரும்பிரிவுத் தலைவர் இரண்டாண்டுக் காலத்துக்கு நியமிப்பர். அவர்களுட் பாதிப்பேர் அப்பகுதியின் மாநகர சபை அங்கத்தவர் பெயர் குறித்தோராதல் வேண்டும். ஒவ்வொரு சபைக்கும் சம்பளம் பெறும் வட்டார முகாமையாளர் ஒருவர் உண்டு. பொலிசு, துப்புரவு முதலிய சேவைகளின் எல்லைகளும் வட்டார எல்லையோடு பொருந்த வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஜேக்கப்ஸ் எழுதிய அதிகாரம் இவ்விதியில் எதிரொலிக்கின்றது.

இவற்றிலும் முக்கியமானது 1976இல் நடைமுறைக்கு வந்த நிலப்பயன் பரிசீலனை முறை. வலய வரைபடத்தை மாற்றல், விசேட அனுமதி வழங்கல், மாநகரக் காணியை வாங்கல் விற்றல், பொதுக் கட்டடங்களுக்கு இடந் தெரிதல் ஆகியன யாவும் ஒரே வழியே செல்ல வேண்டும். விண்ணப்பம் முழுமையானதென்று சான்று பெற்றவுடன் அது முதலில் வட்டாரச் சபைக்கே போகும். சபை பகிரங்கக் கூட்டங் கூட்டி, 60 நாள்களுள் தன் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். அதன்பின்னரே நகரத் திட்ட ஆணைக்குழு. அதன்பின் மதிப்பீட்டுச் சபை. சபையின் கருத்து ஆலோசனையே. அனுப்பாதுவிட்டாலும் விண்ணப்பம் நில்லாது, அடுத்த படிக்குச் செல்லும்.

இந்த 60 நாள்களைச் சிறியதென்று எண்ணுவோர் ஈஸ்ற் றிமோன்றின் 90 நாள்களை நினைக்க வேண்டும். அந்த 90 நாள்களும் முடிவு செய்யப்பட்டபின் வெளியேறுவதற்குக் கொடுக்கப்பட்டவை. இந்த 60 நாள்களோ முடிவுக்கு முன் பேசுவதற்குக் கொடுக்கப்பட்டவை. சட்டம் அயலவனுக்குக் கொடுத்தது தடையுரிமையன்று. வரைபடத்தை முன்கூட்டியே பார்க்கும் உரிமையையும், முதலிற் பேசும் உரிமையையும், பேசியது எழுத்தில் நிற்கும் உரிமையையும் கொடுத்தது. தெளிவான காரணங்களோடு எழுதப்பட்ட மறுப்பொன்று ஆணைக்குழுவின் மேசைமீது கிடக்கும்போது, அதனைத் தாண்டிச் செல்வோர் ஏன் தாண்டினோம் என்று சொல்ல வேண்டியவராகின்றனர். கட்டடக் கம்பனிகளும் இதனை விரைவில் உணர்ந்துகொண்டன. விண்ணப்பத்துக்கு முன்னரே சபையாரைச் சந்தித்து, மாடிகளைக் குறைத்தோ பூங்காவொன்றைச் சேர்த்தோ பேரம் பேசலாயின. இப்பேரம் எக்காலும் நேர்மையானதென்று சொல்லேன்.

இதன் வரம்பையும் கூறுதல் முறை. நடைமுறையிலுள்ள வலய விதிக்கு அமையக் கட்டப்படும் கட்டடம் எத்துணை பெரிதாயினும் வட்டாரச் சபையின் முன் வரவேண்டியதில்லை. விதியை மாற்றும்போதும், விதிக்கு விலக்குக் கேட்கும்போதுமே அயலவனுக்கு வாய் உண்டு. கூட்டத்துக்கு வந்து, தன் வீட்டருகே எழும் கட்டடத்தைப்பற்றிக் கொதிப்போடு பேசிவிட்டு, அது சபைக்கு உரிய விடயமன்று என்று கேட்டுத் திரும்புவோர் என்றும் உளர்.

1989இல் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 22 இலட்சம் மக்கள் வாழ்ந்த புறூக்ளினுக்கும், மூன்றரை இலட்சம் மக்கள் வாழ்ந்த ஸ்ரற்றன் தீவுக்கும் மதிப்பீட்டுச் சபையில் ஒவ்வொரு வாக்கே இருந்தது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நெறிக்கு இது முரணானதென்று ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வாண்டிலேயே சாசனம் திருத்தப்பட்டு அச்சபை ஒழிந்தது. நிலப்பயனில் இறுதிச் சொல் மாநகர சபைக்கு வந்தது. வட்டாரச் சபைக்கு 60, பெரும்பிரிவுத் தலைவருக்கு 30, ஆணைக்குழுவுக்கு 60, மாநகர சபைக்கு 50 என நாள்கள் வகுக்கப்பட்டன. ஆணைக்குழுவின் 13 அங்கத்தவருள் எழுவரை மாநகர முதல்வரே நியமிப்பதால் அவர் கை அங்கே ஓங்கியது.

சாசனத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. பிறர் திட்டத்துக்குக் கருத்துக் கூறுவதோடு நில்லாது, வட்டாரச் சபை தானே தன் பகுதிக்குத் திட்டம் வரைந்து அங்கீகாரம் கோரலாம் என்பது அது. கூப்பர் சதுக்கத்தார் சட்டமின்றிச் செய்ததற்குச் சட்டம் இடமளித்தது. புறொங்ஸின் மூன்றாம் சபை வரைந்த திட்டம் 1992இல் ஏற்கப்பட்டது. புறூக்ளினின் முதலாம் சபை தன் ஆற்றங்கரைப் பகுதிகளுக்கு வரைந்த திட்டங்கள் 2002இல் ஏற்கப்பட்டன. ஆனால் ஏற்கப்பட்ட திட்டம் கொள்கை வழிகாட்டி மாத்திரமே. வலய விதியை அது தானாக மாற்றாது. 2005இல் மாநகரம் அதே ஆற்றங்கரையில் வானளாவிய கோபுரங்களுக்கு இடமளித்து வலய விதியை மாற்றியது.

இதனினும் துலக்கமான நிகழ்ச்சி மேற்கு ஹாலெமில் நடந்தது. மன்ஹற்றனின் ஒன்பதாம் வட்டாரச் சபை பல்லாண்டு உழைத்து ஒரு திட்டம் வரைந்தது. அங்குள்ள சிறு தொழில்கள் நிலைக்க வேண்டும், குறைந்த வாடகை வீடுகள் பெருக வேண்டும், காணி சுவீகரிப்பு நிகழக்கூடாது என்பன அதன் நோக்கங்கள். அவ்வட்டாரத்திலேயே கொலம்பியாப் பல்கலைக்கழகம் 17 ஏக்கர் நிலத்தில் புதிய வளாகம் அமைக்கக் கருதி வலய மாற்றம் கோரியது. 2007 ஆகஸ்டில் வட்டாரச் சபை 32 வாக்குக்கு 2 வாக்காக அதனை எதிர்த்தது. நவம்பர் 26இல் நகரத் திட்ட ஆணைக்குழு இரு திட்டங்களையும் ஒரே நாளில் அங்கீகரித்தது. டிசம்பர் 19இல் மாநகர சபையும் அங்ஙனமே செய்தது. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு திட்டங்களை ஒருங்கே ஏற்பது எவ்வாறு? மிக எளிது. பல்கலைக்கழகம் கேட்ட நிலப்பரப்பில் பல்கலைக்கழகத்தின் திட்டம். அது ஒழிந்த இடங்களில் வட்டாரத்தின் திட்டம். காணி சுவீகரிப்பை எதிர்த்து உரிமையாளர் தொடுத்த வழக்கும் 2010இல் நியூயோர்க் மாநிலத்தின் அதியுயர் மேன்முறையீட்டு மன்றத்தில் தோற்றது.

எனின், அந்த 32 வாக்குகளும் வீணோ? அவ்வாறு கூற நான் துணியேன். 15 கோடி டொலர் பெறுமதியான நலன்களை வட்டாரத்துக்கு வழங்குவதாகப் பல்கலைக்கழகம் செய்த உடன்படிக்கை அவ்வெதிர்ப்பின்றி எழுந்திருக்காது. ஆனால் வீடும் தொழிலும் கேட்டவருக்குப் பணம் கிடைத்தது. இரண்டும் ஒன்றென்று கணக்கர் கூறலாம். அவ்வயலில் வாழ்ந்தவர் கூறார்.

சபைகளின் உள்ளமைப்புப் பற்றியும் வினாக்கள் எழுந்தன. நியமனம் பெறுவோர் ஓய்வு பெற்றவரும் வீட்டுச் சொந்தக்காரருமாகவே இருக்கின்றனர், வாடகைக் குடியிருப்போரும் இளைஞரும் புதிதாகக் குடியேறியோரும் குறைவு என்பது நெடுங்காலக் குற்றச்சாட்டு. இரவு ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு மேலும் நீளும் கூட்டத்துக்கு இரவு வேலைக்காரரும் கைக்குழந்தைக்காரரும் எங்ஙனம் வருவர்? 2014இல் 16, 17 வயதினரும் அங்கத்தவராகலாம் என்று மாநிலச் சட்டம் இடங்கொடுத்தது. பாடசாலை மாணவர் சிலர் அங்ஙனம் ஆசனம் பெற்றனர் என்பது நம் மாணவர் அறியத்தக்கது. 2018 நவம்பர் வாக்கெடுப்பில், ஒருவர் தொடர்ச்சியாக நான்கு தவணைக்கு மேல் இருத்தலாகாது என்னும் வரம்பு நிறைவேறியது.

அண்மை ஆண்டுகளில் வீட்டுத் தட்டுப்பாடு முற்றியதனால் காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது. ஒருகால் மோசஸை எதிர்த்து நின்ற அயலவன், இன்று வீடின்றி அலைவோனுக்கு முன் கதவைச் சாத்துபவனாகச் சித்திரிக்கப்படுகின்றான். பொறஸ்ற் ஹில்ஸை அறிந்தோர் இதனை முழுப்பொய் என்று தள்ளார். ஈஸ்ற் றிமோன்றை அறிந்தோர் முழுமெய் என்று கொள்ளார். நகர் முழுவதிலும் சிறிது சிறிதாக வீடுகளைப் பெருக்கும் வலயத் திருத்தம் பல வட்டாரச் சபைகளின் எதிர்ப்பையும் மீறி, 2024 டிசம்பர் 5இல் மாநகர சபையில் 31 வாக்குக்கு 20 வாக்காக நிறைவேறியது. 2025 நவம்பர் 4ஆம் நாள் வாக்கெடுப்பில் மக்கள் பரிசீலனை முறையையே சுருக்க இசைந்தனர். குறைந்த விலை வீடுகளுக்கும் சிறு திட்டங்களுக்கும் விரைவு வழிகள் திறக்கப்பட்டன. அப்பகுதி அங்கத்தவரின் விருப்பத்தையே மாநகர சபை முழுவதும் பின்பற்றும் வழக்கம் வலுவிழந்தது. குறைந்த விலை வீட்டுத் திட்டமொன்றை மாநகர சபை மறுத்தால், மாநகர முதல்வர், சபாநாயகர், பெரும்பிரிவுத் தலைவர் ஆகிய மூவருள் இருவர் சேர்ந்து அம்மறுப்பை மாற்றலாம் என்றாயிற்று. விரைவு வழிகளில் பெரும்பிரிவுத் தலைவரின் நாள்கள் வட்டாரச் சபையின் நாள்களோடு ஒருங்கே ஓடுமாறு அமைக்கப்பட்டன. ஆணைக்குழுவின் நாள்கள் குறைக்கப்பட்டன. வட்டாரச் சபைக்கு 1976 முதல் உரிய 60 நாள்களிலே மாத்திரம் எவரும் கைவைக்கவில்லை.